மூன்றாவது வால்வு

நான்காவது பொத்தான் வரை எப்படியோ மாட்டியாயிற்று. ஐந்தாவது, தொப்பை வரை வந்து நின்றுகொண்டு, மாட்டேன் என்று அடம் பிடித்தது.

"இழுத்துப் பிடிடி" என்றாள் அத்தை. "கொஞ்சம்தான் பாக்கி."

"கிழிஞ்சிடும் அத்தை."

"கிழியாது. கப்பல் துணி. உங்கப்பன மாதிரியே முரட்டுத் துணி."

மகள் கட்டிலுக்கு ஒரு பக்கமும் அத்தை மறு பக்கமுமாக நின்று, இறந்துபோன மனிதருக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கடற்படையை விட்டு வந்த அன்று மடித்து இரும்புப் பெட்டியில் வைத்த வெள்ளைச் சட்டை. இருபத்து மூன்று வருடமாகப் பூச்சி உருண்டைகளோடு குடித்தனம் நடத்தியிருந்தது. அந்தக் காலத்தில் அப்பாவின் வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்ததாம். பிறகு ஊருக்குத் தண்ணீர் அனுப்பும் பம்பு ஹவுஸில் வேலைக்குச் சேர்ந்தார். சட்டை அப்படியே இருந்தது, அவர்தான் வளர்ந்துவிட்டார்.

"என் தம்பி ஆபீசர் மாதிரி போகணும்" என்று அத்தை மூக்கை உறிஞ்சினாள்.

அப்பா ஒருநாளும் ஆபீசராக இருந்ததில்லை. கப்பலின் அடிவயிற்றில், வெயிலே எட்டிப் பார்க்காத இஞ்சின் அறையில், பதினைந்து வருடம் எண்ணெயும் வியர்வையுமாகக் கிடந்த மெக்கானிக். கடலைப் பற்றி யாராவது கேட்டால், "நான் எங்க கடலப் பாத்தேன்? பைப்பத்தான் பாத்தேன்" என்பார். அதை அத்தைக்கு எடுத்துச் சொல்ல இது நேரமில்லை. மகள் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.

"வேணாம் அத்தை. அப்பாவுக்கு மூச்சு முட்டும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அத்தையின் கை நின்றுவிட்டது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஆளுக்கொரு பக்கத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அத விட்டுடுங்க" என்று மூலையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அப்பாவின் மூக்குக்கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு விடிந்ததிலிருந்து அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "அது அவருக்கே பிடிக்காது."

அப்போதுதான் ஃபிட்டர் வந்தார். அப்பாவோடு பம்பு ஹவுஸில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர். ஆள் பீப்பாய் மாதிரி இருப்பார், குரலும் அப்படித்தான். அப்பாவை அவர் "அண்ணே" என்று கூப்பிடுவதால் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே சித்தப்பா. இன்று அந்தக் குரலைக் காணோம். கதவுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையிலும் ஏந்தி வந்த நீலச் சட்டையை நீட்டினார்.

"லாக்கர்ல இருந்துச்சு, அண்ணி. தோச்சு இஸ்திரி போட்டுக் கொண்டாந்திருக்கேன். உங்களுக்குச் சரின்னா..."

அம்மா தலையசைத்தாள். பம்பு ஹவுஸ் சட்டை. காலர் ஓரம் வெளுத்து, கைமுட்டி தேய்ந்து போயிருந்தது. ஒரு இழுப்பில் போட்டாயிற்று. ஐந்தாவது பொத்தான் தானாகப் போய் உட்கார்ந்தது. அத்தை வெள்ளைச் சட்டையை மடித்து ஓரமாக வைத்தாள். அப்பா இப்போதுதான் அப்பா மாதிரி இருந்தார்.

"பாக்கெட்ல என்னமோ இருக்கே, சித்தப்பா."

"சாக்பீஸ்தான் பாப்பா. தோய்க்கும்போது எடுத்தேன். அப்புறம் வெளிய போட மனசு வரல, அங்கயே வெச்சுட்டேன்."

விரல் கணு அளவுக்கு ஒரு வெள்ளைத் துண்டு. பம்பு ஹவுஸில் எங்கே கோளாறு கண்டாலும் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவைப்பது அப்பாவின் வழக்கம். சரி பண்ணியவன்தான் அந்த வட்டத்தை அழிக்க வேண்டும். வீட்டிலும் அவர் சும்மா இருந்ததில்லை. சமையலறைக் குழாயின் மேல் வட்டம், ஜன்னல் கீலின் மேல் வட்டம். ஒருமுறை அத்தையின் மூட்டுவலி எந்த இடம் என்று கேட்டுவிட்டு முழங்காலிலேயே போட்டுவிட்டார். அத்தை நாலு நாள் பேசவில்லை.

பத்து மணிக்குள் வீடு நிரம்பிவிட்டது. பதினோரு மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு. தெருவில் பாதிப் பேர் வந்திருந்தார்கள், ஏனென்றால் தெருவில் பாதிக் குழாய்களை அப்பாதான் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை சரி செய்திருக்கிறார். பம்பு ஹவுஸ்காரர்கள் சுவர் ஓரமாக வரிசையாக நின்றார்கள். டூட்டியில் இருக்கும் இரண்டு பேரால் மட்டும் வர முடியவில்லை. பம்பை விட்டுவிட்டு வந்தால் ஊருக்குத் தண்ணீர் நின்றுபோகும். அதனால் போகிற வழியில் வண்டி அங்கே ஐந்து நிமிடம் நிற்கட்டும் என்று ஃபிட்டர் கேட்டிருந்தார். அம்மா சரி என்றிருந்தாள்.

துக்க வீட்டில் பேச்சு எப்போதும் அழுகையில் தொடங்கிச் சிரிப்புக்குப் போய்விடும். லேப் அக்காதான் ஆரம்பித்தாள். பம்பு ஹவுஸில் தண்ணீரில் மருந்தின் அளவு பார்ப்பது அவள் வேலை.

"இவர் வேலைக்குச் சேந்த அன்னிக்கு" என்று ஃபிட்டரைக் காட்டினாள், "கப்பலண்ணன் கையில ஒரு வாளியக் குடுத்து, 'போய் ஒரு வாளி பிரஷர் வாங்கிட்டு வாடா'ன்னுட்டார். இந்த மனுஷன் வாளியத் தூக்கிட்டு காம்பவுண்டு பூரா சுத்துறார். கடைசியில எங்கிட்ட வந்து, 'அக்கா, பிரஷர் இருக்கா'ன்னார்."

"நீ என்ன சொன்ன?" என்றாள் அத்தை.

"நேத்தே தீந்துபோச்சு, நாளைக்கு வான்னேன்."

சுவரோரம் சிரிப்பு ஓடியது. ஃபிட்டரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார்.

மகளால் சிரிக்க முடியவில்லை. அழவும் முடியவில்லை. மூன்று நாளாக அவள் நெஞ்சில் ஒரே ஒரு விஷயம்தான் குறுகுறுத்துக்கொண்டிருந்தது. அப்பா கடைசி வரை எதையோ கேட்டுக்கொண்டே இருந்தார். அது என்னவென்று அவளுக்குப் புரியவில்லை. அது கிடைக்காமலே அவர் போய்விட்டார்.

அவள் வேறு ஊரில், துணி துவைக்கும் மெஷின் செய்யும் கம்பெனி ஒன்றில், புகார் வாங்கும் வேலை பார்த்தாள். எட்டு மணி நேரம் காதில் போனை மாட்டிக்கொண்டு, கோபத்தில் கத்துகிறவர்களைத் தேன் தடவிய குரலில் ஆற்ற வேண்டும். "கவலைப்படாதீங்க சார், எல்லாம் சரியாயிடும்." ஒரு நாளைக்கு நூறு முறையாவது சொல்வாள். சொல்லிச் சொல்லி அந்தக் குரல் சொந்தக் குரலாகவே ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்வார். "அங்க என்ன ரிப்பேர்?" என்பார், அதுதான் அவருடைய நலம் விசாரிப்பு. "ஒண்ணுமில்லப்பா, எல்லாம் நல்லாருக்கு" என்பாள் அதே குரலில். மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்த வாரமும் அப்படித்தான் சொன்னாள். அதற்குப் பிறகும் அப்பா போனை வைக்க மாட்டார். பேசவும் மாட்டார், மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். கடைசியில் அவள்தான் வைப்பாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கு அப்பா பம்பு ஹவுஸ் படியில் சரிந்து விழுந்தார். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. அவள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தபோது இருட்டிவிட்டது. வாயின் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது, ஆனால் கண் நன்றாகத் திறந்திருந்தது. அவளைப் பார்த்ததும் அவர் பேசிய முதல் வார்த்தை, "மூணு."

"என்னப்பா?"

"மூணு... கீழ. கசியுது."

"எங்கயும் கசியலப்பா. எல்லாம் சரியா இருக்கு. நீங்க தூங்குங்க."

அப்பா அவளையே பார்த்தார். கண்ணை மூடினார். இரண்டு நிமிடத்தில் மறுபடி திறந்தார். "மணி என்ன?"

"எட்டுப்பா."

"யாரும் வரலையா?"

"நான் வந்திருக்கேனேப்பா."

புதன்கிழமை முழுக்க இதே பேச்சு. வியாழக்கிழமையும் இதே பேச்சு. எழுந்திருக்கப் பார்த்தார், கையில் ஏறிக்கொண்டிருந்த ஊசியைப் பிடுங்கப் பார்த்தார். அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள். நர்ஸ் வந்து ஒரு கையைக் கட்டிலோடு துணியால் கட்டினாள். தூங்கினால்தான் மூளைக்கு ஓய்வு, யாரையும் உள்ளே விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகள் அப்பாவின் நெற்றியைத் தடவித் தடவி, தனக்குத் தெரிந்த மிக இதமான குரலில், "எல்லாம் சரியா இருக்குப்பா, எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் தூங்கவே இல்லை. நேற்று, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கண்ணைத் திறந்தபடியே போனார்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஃபிட்டர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்றார். "அஞ்சு நிமிஷம், பாப்பா. பாத்துட்டு வந்துடறேன்." அவள் கதவைப் பாதி திறந்து, "நாளைக்கு வாங்க சித்தப்பா, அப்பா தூங்கணும்" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அந்தத் தலையாட்டல் இப்போதும் அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது.

துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஃபிட்டர் திரும்பி வந்தார். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாரா, பாப்பா?"

"தெளிவா ஒண்ணும் சொல்லல சித்தப்பா. மூணு, மூணுன்னார். கீழ கசியுதுன்னார். மணி கேட்டார்."

ஃபிட்டரின் முகம் சட்டென்று நிமிர்ந்தது. எதிரில் நின்ற லேப் அக்காவும் இவளைப் பார்த்தாள்.

"நீ என்ன சொன்ன?"

"எங்கயும் கசியலப்பா, எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னேன். மூணு நாளும் அதத்தான் சொன்னேன்."

ஃபிட்டர் அவள் தலையில் கையை வைத்து, "நல்லதுதான் சொல்லியிருக்க பாப்பா" என்றார். பெரிய உடம்புக்குள்ளிருந்து வந்த அந்தச் சின்னக் குரலைக் கேட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அது பொய் என்று. தினமும் நூறு முறை பொய்யாக ஆறுதல் சொல்கிறவளிடமா அதை விற்க முடியும்?

லேப் அக்கா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். மகள் பின்னாலேயே போனாள்.

"அக்கா, நான் தப்பா ஏதாவது சொல்லிட்டேனா?"

லேப் அக்கா குழாயைத் திறந்தாள். ஒரு டம்ளரைக் கழுவினாள், இரண்டாவதைக் கழுவினாள். தண்ணீரில் மருந்து கூடினாலும் குறைந்தாலும் உள்ளதை உள்ளபடி எழுதியே பழகிப்போன கை அது.

"உங்கப்பா எங்க வேலையப் பத்தி வீட்ல பேசினதில்லையா?"

"அதிகமா இல்லக்கா."

"எங்க இடத்துல ஷிப்டு மாறும்போது ஒரு முறை இருக்கும்மா. உங்கப்பா கப்பல்லேருந்து கொண்டாந்தது. வர்றவன் முதல்ல கேக்கணும், 'மிச்சம் என்ன?'ன்னு. போறவன் ஒண்ணாவது சொல்லணும். மோட்டார் சூடாகுது, நட்டு லூசாகுது, பல்பு எரியல, ஏதாவது ஒண்ணு. 'எல்லாம் சரியா இருக்கு'ன்னு மட்டும் சொல்லக் கூடாது. சொன்னா, 'அப்ப நீ பாக்கவே இல்ல'ம்பார். அப்படிச் சொன்னவன நம்பித்தான் கப்பல்ல ஒருநாள் முட்டி வரைக்கும் தண்ணி ஏறிடுச்சாம்."

"அப்புறம்?"

"வந்தவன் அந்த இடத்துக்குப் போய்க் கையால தொட்டுப் பாக்கணும். பாத்துட்டு, 'வாங்கிக்கிட்டேன்'னு சொல்லி, 'போய்ட்டு வாங்க'ன்னு அனுப்பணும். அதுக்கப்புறம்தான் போறவன் போகலாம். வாங்கினவன் அடுத்த ஆள் வர்ற வரைக்கும் இடத்த விட்டு அசையக் கூடாது. வீட்ல எழவே விழுந்தாலும் சரி..." லேப் அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். "கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாப்பார்மா அந்த மனுஷன். முதல்ல எல்லாரும் கிண்டல் பண்ணோம். அப்புறம் அது இல்லாம எங்களாலயே வீட்டுக்குப் போக முடியல."

மகள் குழாயை மூடினாள்.

"செவ்வாக்கிழமை ரெண்டு மணிக்கு ஷிப்டு மாறணும். ஒன்றரைக்கு விழுந்துட்டார். யாரும் அவர்கிட்டேருந்து வாங்கல."

"யாரும் வரலையான்னு கேட்டாருக்கா. நான் வந்திருக்கேனேன்னேன்."

"உனக்கென்ன தெரியும்மா?" லேப் அக்காவின் கண் நிறைந்துவிட்டது. ஆனால் பேச்சை நிறுத்தவில்லை. "ஆனா எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னா அவர் எப்படித் தூங்குவார்? வந்தவ பாக்காமயே சொல்றாளேன்னுதான் நெனச்சிருப்பார்."

போனில் யாரோ ஒரு முகம் தெரியாதவர், "கீழ கசியுது" என்று சொல்லியிருந்தால் அவள் என்ன கேட்டிருப்பாள்? எந்த இடத்துல சார்? எப்பலேருந்து? நோட் பண்ணிக்கிட்டேன் சார். வேலையில் சேர்ந்த முதல் நாள் சொல்லிக் கொடுத்த பாடம். சொந்த அப்பாவிடம் மட்டும் கேட்கத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் அந்த மூச்சுச் சத்தம் எதற்காகக் காத்துக்கொண்டிருந்தது என்பதும் இப்போது புரிந்தது. சிங்க்கில் குனிந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

"நிஜமாவே கசியுதா அக்கா? இல்ல, புத்தி தடுமாறிச் சொன்னாரா?"

"தெரியலம்மா. மூணாவது வால்வு கீழ குழியில இருக்கு. தினம் இறங்கிப் பாக்கறது உங்கப்பா ஒருத்தர்தான். சொட்டுச் சொட்டா கசிஞ்சா மீட்டருக்குத் தெரியாது. இந்த நாலு நாளா யாருக்கும் கை ஓடல, கால் ஓடல. யாரும் இறங்கல."

பதினோரு மணிக்கு வண்டி கிளம்பியது. அப்பாவுக்கு ஒரு பக்கம் அம்மாவும் மகளும், மறு பக்கம் அத்தையும் லேப் அக்காவும். ஃபிட்டர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி காட்டினார், அந்த வழி டிரைவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தும். அம்மாவின் ஒரு கை நீலச் சட்டையின் விளிம்பைப் பிடித்திருந்தது.

பம்பு ஹவுஸ் என்பது நீளமான ஓட்டுக் கட்டடம். தூரத்திலேயே மோட்டார் உறுமல் கேட்கும். டூட்டியில் இருந்த இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். ஒருவர் பூ வைத்துவிட்டு ஓடிப் போய் மீட்டரைப் பார்த்தார், பிறகு அடுத்தவர் வந்து வைத்தார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அப்பாவுக்கு அது பிடித்திருக்கும் என்று மகள் நினைத்தாள்.

அவள் வண்டியிலிருந்து இறங்கினாள்.

"எங்கடி போற?" என்றாள் அத்தை. "பொணத்த வெச்சுக்கிட்டு..."

"போகட்டும் விடுங்க" என்றாள் அம்மா.

மகள் நேராக ஃபிட்டரிடம் போனாள். "மூணாவது வால்வு எங்க இருக்கு, சித்தப்பா?"

ஃபிட்டர் அவளைப் பார்த்தார். பிறகு வண்டியின் பின்கதவில் நின்ற லேப் அக்காவைப் பார்த்தார். உள்ளே போய்ச் சுவரில் மாட்டியிருந்த டார்ச்சையும் ஒரு ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

மோட்டார்களைத் தாண்டி, கடைசியில், தரையில் ஒரு இரும்பு மூடி. ஃபிட்டர் அதைத் தூக்கிச் சாய்த்தார். கீழே செங்குத்தான இரும்பு ஏணி. அவர் முதலில் இறங்கினார், அவள் பின்னால். படிகளை எண்ணிக்கொண்டே இறங்கினாள். பதினொன்று. தலைக்கு மேல் சத்தம் அதிர்ந்தது. கீழே குளிர்ச்சியும் துரு வாசனையும். தினம் இந்த ஏணியில் அப்பா அந்தத் தொப்பையோடு ஏறி இறங்கியிருக்கிறார்.

"இங்க வெச்சுதான் தலை சுத்தியிருக்கணும்" என்றார் ஃபிட்டர். "மேல ஏறி, வாசப்படி வரைக்கும் வந்துட்டார். எங்களத் தேடித்தான் வந்திருக்கார்." டார்ச்சை மறு கைக்கு மாற்றினார். "ஆம்புலன்ஸ்ல என் கையப் பிடிச்சுக்கிட்டு என்னமோ சொல்ல வந்தார், பாப்பா. பேசாதீங்கண்ணே, அப்புறம் பேசிக்கலாம்னு நான் வாயடைச்சுட்டேன். உன்ன மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்ல."

டார்ச் வெளிச்சம் நகர்ந்தது. சுவரோரமாக மூன்று வால்வுகள், ஒவ்வொன்றின் மேலும் சிவப்புச் சக்கரம். முதலாவது காய்ந்திருந்தது. இரண்டாவதும் காய்ந்திருந்தது. மூன்றாவதற்கு அடியில் சிமெண்டுத் தரை கறுத்து, உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது.

ஃபிட்டர் வெளிச்சத்தை மேலே தூக்கினார். சக்கரத்துக்குக் கீழே, கழுத்துப் பகுதியில், சாக்பீஸ் கோடு. வட்டமாகத்தான் போட்டிருக்கிறார். நாலு நாள் ஈரத்தில் கீழ்ப் பாதி கரைந்து ஓடிவிட்டது, மேல் பாதி மட்டும் வளைந்து நின்றது. அதற்கு நடுவில் ஒரு சொட்டு மெல்லப் பெருத்து, தயங்கி, விழுந்தது. அடுத்த சொட்டு திரளத் தொடங்கியது.

"ரெண்டு நட்டு முறுக்கினா நின்னுடும்" என்றார் ஃபிட்டர், யாரிடமோ சொல்வது போல. "அஞ்சு நிமிஷ வேலை."

ஆனால் ஸ்பேனரை எடுக்கவில்லை. டார்ச்சை ஏணிப்படியில் வைத்தார். சட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டார். வேலைக்கு வந்த மனிதன் போல அவளுக்கு எதிரில் நிமிர்ந்து நின்றார்.

"மிச்சம் என்ன?"

குரல் கணீரென்று வந்தது. மகளின் வாயில் பழகிய தேன் குரல்தான் முதலில் எழுந்தது. அதை விழுங்கினாள்.

"மூணாவது வால்வு" என்றாள். குரல் கரகரத்தது. "கழுத்துல கசியுது. செவ்வாக்கிழமை மத்தியானத்துலேருந்து."

ஃபிட்டர் குனிந்து சாக்பீஸ் கோட்டுக்கு நடுவில் உள்ளங்கையை வைத்தார். அவசரப்படாமல் வைத்திருந்தார். பிறகு கையை எடுத்து வெளிச்சத்தில் விரித்துக் காட்டினார். நனைந்திருந்தது.

"வாங்கிக்கிட்டேன்" என்றார்.

மேலே மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஃபிட்டர் அவளுக்கு முதுகைக் காட்டி, வால்வின் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெரிய தோள்கள் ஒருமுறை குலுங்கி அடங்கின.

"போய்ட்டு வாங்கண்ணே."

அவள் ஏணியில் ஏறினாள். பதினோராவது படியில் கால் வைத்தபோது கீழே ஸ்பேனர் நட்டைக் கவ்வும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்து வண்டியில் ஏறினாள். அம்மா நகர்ந்து இடம் விட்டாள்.

டிரைவர் பக்கத்து இருக்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "அவர் வரலையா?"

"அவருக்கு டூட்டி" என்றாள் மகள்.

லேப் அக்கா கதவை இழுத்துச் சாத்தினாள். வண்டி நகர்ந்தது.